சிப் இல்லாத கேட்ரிஜ், சிப் வைத்த கேட்ரிஜ்

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குப் புது பிரிண்டர் அச்சடிக்க மறுத்தது. சனிக்கிழமை இரவு கடையைச் சாத்தும்வரை சிட்டா, வில்லங்கச் சான்று, ஹால் டிக்கெட் என்று நிற்காமல் அடித்த மிஷின் அது. சின்னத் திரையில் ஒரே ஒரு வரி: ‘ஆதரிக்கப்படாத கேட்ரிஜ். மாற்றவும்.’ அந்தக் கேட்ரிஜ், அதாவது அச்சுத் தூள் இருக்கும் பெட்டி, மூன்று வாரமாக அதே மிஷினுக்குள்தான் இருந்தது. நான் கழற்றவில்லை, வேறு யாரும் தொடவில்லை. ஞாயிறு கடை விடுமுறை. மிஷின் மட்டும் வைஃபையில் இணைந்தபடி ஸ்டாண்ட்பையில் இருந்தது. அந்த ஒரு நாளில் தானாகவே ஒரு அப்டேட்டை இறக்கி ஏற்றிக்கொண்டுவிட்டது என்பதை செட்டிங்ஸில் ஃபர்ம்வேர் (மிஷினுக்குள் ஓடும் மென்பொருள்) பதிப்பைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் கடை மன்னார்குடிப் பக்கம். அப்பா பிரவுசிங் சென்டராக ஆரம்பித்தது. இப்போது ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும்தான் பிழைப்பு. இரண்டு லேசர் பிரிண்டர் இருக்கிறது. ஒன்று அப்பா வாங்கியது, பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆன கறுப்பு வெள்ளை மிஷின். மற்றது போன வருஷம் நான் வாங்கியது, வேறு கம்பெனி. அன்றைக்கென்று பழையதும் தாளை இழுக்கவில்லை. இழுத்த இரண்டு தாளிலும் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு. பரீட்சைக்கு ஹால் டிக்கெட் எடுக்க வந்த பிள்ளைகளை அடுத்த தெருக் கடைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. இரவு கடையைச் சாத்திவிட்டு இரண்டு மிஷினையும் ஒரே மேசையில் வைத்துத் திறந்தேன்.

எங்கள் கடை மிஷின்களின் கம்பெனிப் பெயரை இதில் எழுதப்போவதில்லை. பெயர் வந்தவுடன் ‘அதுக்குத்தான் இந்தக் கம்பெனி வாங்கணும்’ என்று பேச்சு திரும்பிவிடும். போன வருஷம் வரை நானே அப்படிப் பேசினவள். காலேஜில் படிக்கும்போது வாங்கின லேப்டாப் ஏழு வருஷம் உழைத்தது. அந்த நன்றியில்தான் அதே பெயர் போட்ட பிரிண்டரை வாங்கினேன். அப்பா வேண்டாம் என்றார். “நம்ம பழைய மிஷின் கம்பெனியிலயே வாங்கு பாப்பா, அவன் ஏமாத்த மாட்டான்” என்றார். இரண்டு பேருக்கும் ஒரு பெயர் மேல் நம்பிக்கை. அதில் ஒரு வித்தியாசம் இருந்தது. அது மிஷின்களைத் திறந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

முதலில் பழையது. தாள் இழுக்காததற்குக் காரணம் பிக்கப் ரோலர். கேட்ரிஜை வெளியே எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே நடுவில் ஒரு ரப்பர் உருளை தெரியும். முழு வட்டம் இல்லை, ஒரு பக்கம் தட்டையாக வெட்டினது போல இருக்கும். விரலால் தடவினேன். சொரசொரப்பே இல்லை, கண்ணாடி மாதிரி வழுக்கியது. இரண்டு பக்கமும் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கை விரித்து, ரோலரை முன்பக்கமாகச் சுழற்றித் தூக்கினால் கையோடு வந்துவிடும். ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம். புதிதை வைத்து அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும். அதற்குக் கீழே இருக்கும் செபரேஷன் பேடை ஈரத்துணியால் துடைத்தேன். அது தேய்ந்தால் இரண்டு தாள் சேர்ந்து வரும். எங்களுடையது இன்னும் தாங்கும்.

அடுத்து கோடு. லேசர் பிரிண்டரில் பழுதைக் கண்டுபிடிக்க ஸ்கேல்தான் முதல் கருவி. புள்ளியோ கறையோ திரும்பத் திரும்ப வந்தால் இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். இந்த வகைக் கேட்ரிஜில் டிரம்மின், அதாவது தூளைத் தாளுக்குக் கொண்டுபோகும் உருளையின், விட்டம் 24 மில்லிமீட்டர், அதன் சுற்றளவு சுமார் 75. அந்த இடைவெளியில் கறை வந்தால் டிரம்மில் கீறல். சுமார் 38 என்றால் டிரம்முக்கு மின்னூட்டம் கொடுக்கும் ரப்பர் ரோலரில் அழுக்கு. எங்களுக்கு வந்தது இடைவெளியே இல்லாத கோடு. அது பெரும்பாலும் வைப்பர் பிளேடு. டிரம்மில் மிஞ்சும் தூளை வழித்தெடுக்கும் ரப்பர் பட்டை அது; ஓரத்தில் கொஞ்சம் பிய்ந்தாலும் அந்த இடத்தில் தூள் வழியாமல் தாளுக்கு வந்துவிடும்.

கேட்ரிஜ் 12ஏ வகை. ரீஃபில் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் அந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். எச்.பி. லேசர்ஜெட் 1020க்குப் போவது 12ஏ. கேனான் எல்.பி.பி. 2900க்குப் போவது 303. பெட்டிதான் வேறு, உடம்பு ஒன்றுதான். கடையில் கிடைக்கும் மாற்றுக் கேட்ரிஜ்களின் மேல் இரண்டு எண்ணையும் சேர்த்தே அச்சிட்டிருப்பார்கள். எங்களுடையது ஏற்கெனவே பலமுறை திறந்தது என்பதால் டிரம் பாதியையும் தூள் பாதியையும் இணைக்கும் இரண்டு கம்பிப் பின்களும் நோஸ் பிளையருக்கு எளிதாக வந்தன. முதல் தடவை திறப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். அந்தப் பின்கள் உள்ளே அமுங்கி இருக்கும், பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் செதுக்கினால்தான் நுனி பிடி கிடைக்கும்.

மேசையில் பழைய தினத்தந்தி நாலு தாள் விரித்து, ஃபேனை நிறுத்தி, மாஸ்க் போட்டுக்கொண்டேன். பாதிகளைப் பிரித்ததும் டிரம்மைக் கழற்றிக் கறுப்புத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். வெளிச்சம் அதிக நேரம் பட்டால் டிரம் கெடும். வைப்பர் பிளேடு இரண்டு ஸ்க்ரூவில் நிற்கிறது. அதை எடுத்ததும் அடியில் வேஸ்ட் டோனர் அறை வாய்வரை நிரம்பியிருந்தது. கொட்டினேன். பிளேடின் வலது முனையில் நகக்கண் அளவு பிய்ந்திருந்தது. கோடு வந்த அதே இடம்! புது பிளேடு, கூடவே புது டிரம். பிளேடின் விளிம்பில் கொஞ்சம் டோனர் தூளைத் தடவிவிட்டுத்தான் டிரம்மை மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்த ரப்பர் டிரம்மில் ஒட்டிச் சுருண்டு மடங்கிவிடும். தூள் அறையின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் பிளாஸ்டிக் அடைப்பான். அதைத் திறந்து சுமார் 100 கிராம் தூள். கையில் ஒட்டின தூளைப் பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். வெந்நீர் ஊற்றினால் அது இளகிப் பிடித்துக்கொள்ளும். சூட்டில் உருகித் தாளில் ஒட்டுவதுதானே அதன் வேலை.

மாட்டிவிட்டு டெஸ்ட் பிரிண்ட் கொடுத்தேன். முதல் தாளில் லேசான நிழல், மூன்றாவதில் சுத்தம். டிரம், பிளேடு, ரோலர், தூள் எல்லாம் சேர்த்து 600 ரூபாய்க்குள் முடிந்தது. ஒன்றரை மணி நேரம்.

மிஷின் என்னிடம் எதையும் கேட்கவில்லை. இந்தத் தூள் யாருடையது, டிரம் எந்த ஊரில் வாங்கினது என்று அதற்குத் தெரியாது. இந்த வகைக் கேட்ரிஜில் சிப்பே கிடையாது.

புதியதை முன்னால் இழுத்தபோது மணி பதினொன்று. கேட்ரிஜின் பக்கத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பச்சைச் சில்லு, அதன் மேல் தங்க நிறத் தொடுபுள்ளிகள். மூடியைச் சாத்தியதும் மிஷினின் ஊசிகள் அதைத் தொட்டு வரிசை எண், எத்தனை பக்கம் ஓடியது, யார் தயாரிப்பு என்பதையெல்லாம் படிக்கும். ரீஃபில் செய்யும்போது தூளோடு சேர்த்து இந்தச் சிப்பையும் மாற்ற வேண்டும். எங்களுக்கு ரீஃபில் செய்துதரும் அண்ணன் மூன்று வாரத்துக்கு முன் அப்படித்தான் மாற்றிக் கொடுத்திருந்தார். அவர் வண்டியை நிறுத்தியதும் கேட்கும் முதல் கேள்வி “12ஏவா, 88ஏவா?” என்பதுதான். எந்தக் கம்பெனி என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

தொடுபுள்ளிகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துப் பார்த்தேன். அதே வரி. மின்சாரத்தைப் பிடுங்கிப் பத்து நிமிஷம் கழித்துப் போட்டேன். அதே வரி. பழைய ஃபர்ம்வேரைத் தேடி எடுத்து யு.எஸ்.பி. வழியாக ஏற்றப் பார்த்தேன். இப்போது இருப்பதைவிடப் பழைய பதிப்பை ஏற்காது என்று சொல்லிவிட்டது. இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. முன்னால் போக மட்டும் கதவு, பின்னால் வர இல்லை. அண்ணனுக்கு போன் போட்டேன். “அந்த லாட் சிப் எல்லாமே போச்சு தங்கச்சி, காலையிலேர்ந்து இது ஏழாவது போன். புதுசு வர ரெண்டு வாரம் ஆகும்” என்றார். கம்பெனிக் கேட்ரிஜ் வாங்கலாம். விலை 6,000 ரூபாயைத் தொடுகிறது. மிஷினே 14,000 ரூபாய்க்குத்தான் வாங்கினோம்.

மிஷினோடு வந்த முதல் கேட்ரிஜ் கட்டிலுக்கடியில் அட்டைப் பெட்டியில் கிடந்தது. அதன் சிப் அசல். தீர்ந்துபோனதாகப் பதிவானது, ஆனாலும் கம்பெனியுடையது. சிப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக்கை உருக்கி அழுத்தியிருக்கிறார்கள். மெல்லிய பிளேடால் நான்கு முனையிலும் பிசிறை வழித்து, சில்லு வளையாமல் ஓரத்திலிருந்து நெம்பினேன். இருபது நிமிஷம் ஆனது. இந்த வேலையை அவசரத்தில் செய்யக் கூடாது. ரீஃபில் கேட்ரிஜில் இருந்த மாற்றுச் சிப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதை மெல்லிய டபுள் டேப்பில் ஒட்டினேன். தொடுபுள்ளிகளின் உயரம் முன்போலவே இருக்க வேண்டும். டேப் தடிமனாக இருந்தால் ஊசி வளையும்.

மூடியைச் சாத்தினேன். ‘டோனர் தீர்ந்துவிட்டது’ என்று வந்தது. ‘ஆதரிக்கப்படாத’ என்று வரவில்லை. மெனுவில் சப்ளைஸ் பகுதிக்குள் போய், தீர்ந்தாலும் அச்சைத் தொடர் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். தாள் வந்தது. தூள் நிரம்பிய கேட்ரிஜைத் தீர்ந்துவிட்டது என்று மிஷின் நம்புகிறது, ஆனால் அடிக்கிறது. எல்லா மாடலிலும் அந்த வசதி இருக்காது. வாங்கும் முன் மெனுவில் அது இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது. டோனர் அளவு காட்டும் கோடு இனி எங்களுக்கு உதவாது. கூரியர் கவர் எடை போட வைத்திருக்கும் தராசில் கேட்ரிஜை நிறுத்து எழுதி வைத்திருக்கிறேன்; வாரம் ஒரு தடவை எடை பார்த்தால் போதும்.

அப்பா எழுந்து வந்து பார்த்துக்கொண்டே நின்றார். “காசு குடுத்து வாங்கினது நாம. மிஷின் இருக்கிறது நம்ம கடையில. பூட்டியிருந்த கடைக்குள்ள அவன் எப்படிம்மா வந்தான்?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வாரன்ட்டி அட்டையோடு வந்த நிபந்தனைகளில் நான் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்தியதுதான் அவன் வந்த வழி என்று எப்படிச் சொல்வது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் இதைப் பற்றியே தேடிப் படித்தேன். என்னை முதலில் உலுக்கியது 1984ஆம் வருஷத்துச் செய்தி. எச்.பி.யின் முதல் லேசர்ஜெட்டுக்குள் இருந்தது கேனானின் எல்.பி.பி.-சி.எக்ஸ். என்ற எஞ்சின். மறுவருஷம் ஆப்பிள் விற்ற லேசர்ரைட்டருக்குள்ளும் அதே எஞ்சின். மூன்று கம்பெனிப் பெட்டி, ஒரே இதயம். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் எச்.பி. லேசர் பிரிண்டர்களுக்கு எஞ்சின் கொடுத்தது கேனான்தான். 12ஏவும் 303யும் ஒரே உடம்பாக இருப்பதன் காரணம் இதுவே. எது உசத்தி என்று கடை வாசலில் எத்தனை பேர் சண்டை போட்டிருப்பார்கள்! அப்பா ஒரு கம்பெனியை நம்பியதாக நினைத்தார். உண்மையில் அவர் நம்பியது, திறக்கவும் நிரப்பவும் இடம் கொடுத்த ஒரு பொருளை. நான் நம்பியது வெறும் பெயரை.

சிப் விஷயத்தில் எந்தப் பெயரும் தப்பவில்லை. ஐ.பி.எம்.மிலிருந்து 1991இல் பிரிந்த லெக்ஸ்மார்க், தன் டோனர் சிப்பைப் போலவே வேலை செய்யும் சிப் தயாரித்ததற்காக ஸ்டாட்டிக் கன்ட்ரோல் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மேல் 2002இல் வழக்குப் போட்டது. திரைப்படமும் பாட்டும் திருடப்படாமல் காக்க என்று 1998இல் வந்த சட்டத்தைக் காட்டித்தான் வழக்கு. சண்டை நடந்த அந்தச் சிப் நிரல் 55 பைட்டுக்கு மேல் இல்லை. முதலில் தடை விழுந்தது. 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது. கதை அங்கே முடியவில்லை. மாற்றுக் கேட்ரிஜ் சிப் தயாரித்தே வளர்ந்த சீனாவின் ஏபெக்ஸ் டெக்னாலஜி, 2016இல் முதலீட்டாளர்களோடு சேர்ந்து அதே லெக்ஸ்மார்க்கை விலைக்கு வாங்கியது. 2025இல் அது ஜெராக்ஸ் கைக்குப் போனது. சாம்சங்கின் பிரிண்டர் தொழிலை 2017இல் எச்.பி. வாங்கி முடித்தது. ஒரு பெயரின் மேல் நம்பிக்கை வைத்துப் பத்து வருஷம் காத்திருந்தால், அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஆளே மாறியிருக்கலாம்.

2016 செப்டம்பர் 13 அன்று எச்.பி.யின் சில இங்க்ஜெட் மாடல்கள் உலகம் முழுக்க ஒரே நாளில் மாற்றுக் கேட்ரிஜ்களை மறுத்தன. எதிர்ப்புக் கிளம்பியதும், இதை முன்கூட்டிச் சரியாகத் தெரிவிக்காததற்கு நிறுவனம் அந்த மாதமே மன்னிப்புக் கேட்டது. வழக்கம் நிற்கவில்லை. 2020 டிசம்பரில் இத்தாலியின் வணிகப் போட்டி ஆணையம் இந்தக் கட்டுப்பாடுகளுக்காக ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. 2024 ஜனவரியில் எச்.பி.யின் அப்போதைய தலைமை நிர்வாகி என்ரிக்கே லோரெஸ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், பிரிண்டர் வாங்கும் வாடிக்கையாளர் தங்களுக்கு ஒரு முதலீடு, அவர் போதுமான அளவு அச்சடிக்காவிட்டாலோ தங்கள் கேட்ரிஜைப் பயன்படுத்தாவிட்டாலோ அது மோசமான முதலீடு என்ற பொருளில் பேசினார். கடைக்கு வருகிறவர்களை அப்படிக் கணக்குப் போட்டு அப்பா ஒரு நாளும் பேசினதில்லை.

சிப் பாதுகாப்புக்காக, தரத்துக்காக என்று கம்பெனிகள் சொல்லும். போலிக் கேட்ரிஜ் உண்டு, மட்டமான தூள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. கெட்ட தூளால் ஃபியூசர், அதாவது தூளைச் சூட்டில் தாளோடு ஒட்டவைக்கும் பாகம், பாழான மிஷினைப் பார்த்திருக்கிறேன். ஆனால் 2022 தொடக்கத்தில் உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு வந்தபோது, கேனான் தன் அலுவலகப் பிரிண்டர்கள் சிலவற்றுக்குச் சிப் இல்லாத டோனரையே அனுப்ப வேண்டி வந்தது. மிஷின் அதைப் போலி என்று நினைத்து எச்சரித்தது. எச்சரிக்கையை எப்படித் தள்ளிவிட்டு அடிப்பது என்று கேனானின் ஜெர்மன் பிரிவே வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அச்சுத் தரம் குறையாது, டோனர் அளவு காட்டுவது மட்டும் பிசகலாம் என்றது. கட்டிலுக்கடியிலிருந்து எடுத்த சிப்பை ஒட்டி நான் கண்டதும் இதையேதான்.

இன்னொரு கதை எனக்கு நம்பிக்கை தந்தது. இந்தோனேஷியாவில் கடைக்காரர்கள் இங்க்ஜெட் பிரிண்டர்களின் கேட்ரிஜைத் துளைத்து, குழாய் சொருகி, வெளியே மை டப்பாக்களை வைத்து ஓட்டினார்கள். நம் ஊர் ஸ்டுடியோக்களிலும் அப்படிக் குழாய் தொங்கும் பிரிண்டர்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அவர்களைத் துரத்தி முடியாமல் எப்சன் 2010இல் அந்த நாட்டில்தான் தன் மை டேங்க் பிரிண்டரை முதலில் விற்றது. பாட்டிலிலிருந்து நாமே ஊற்றிக்கொள்ளலாம். சில வருஷங்களில் கேனானும் எச்.பி.யும் டேங்க் மாடல் கொண்டுவந்தன. ஒரே கம்பெனியை விடாமல் பிடித்திருந்தவர்களுக்கு வந்தது சிப். சொன்ன பேச்சைக் கேட்காமல் துளை போட்டவர்களால் வந்தது டேங்க். கம்பெனி எந்த மாதிரி வாடிக்கையாளருக்கு இறங்கி வருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று எனக்கு வேண்டாம். அதனால்தான் ரீஃபில் அண்ணனுடைய தொழிலை நான் சின்னதாக நினைப்பதே இல்லை.

இப்போது கடையில் என்ன மாற்றியிருக்கிறேன் என்றால், புது மிஷினில் தானியங்கி அப்டேட்டை அணைத்தாயிற்று. வைஃபை கடவுச்சொல்லையும் அதன் நினைவிலிருந்து அழித்துவிட்டேன். யு.எஸ்.பி. கம்பி மட்டும்தான். வாட்ஸ்அப்பில் வரும் ஃபைலைக் கம்ப்யூட்டரில் இறக்கித்தான் அடிக்கிறோம் என்பதால் எங்களுக்கு நஷ்டம் இல்லை. வீட்டில் போனிலிருந்து அடிப்பவர்கள் ரவுட்டரிலேயே பிரிண்டருக்கு வெளி இணையத்தை மட்டும் மறிக்கலாம். அசல் சிப்களைத் தூக்கிப் போடாமல் மாத்திரை டப்பாவில் மாடல் எழுதிச் சேர்க்கிறேன். பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேரும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.

எந்தக் கம்பெனி வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் மாடல் எண்ணை வாங்கி வரச் சொல்கிறேன். கேட்ரிஜில் சிப் உண்டா, உண்டென்றால் தீர்ந்த பிறகும் அடிக்குமா, இணையம் இல்லாமல் ஓடுமா, பிக்கப் ரோலர் தனியாகக் கிடைக்குமா என்று நான்கையும் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.

ரீஃபில் செய்யும் ஒவ்வொரு தடவையும் கேட்ரிஜின் பக்கவாட்டில் மார்க்கரால் தேதி போடுவது அப்பா வழக்கம். பழையதில் இடமே இல்லை; இந்தத் தடவை அடியில் திருப்பி எழுதினார். ஃபியூசரின் டெஃப்லான் உறை ஓரத்தில் சுருங்க ஆரம்பித்திருக்கிறது. திருச்சியில் சொல்லி வைத்திருக்கிறேன், வியாழக்கிழமை வந்துவிடும்.